வீட்டு மெயின் தண்ணீர்க் குழாய் உடைந்தால்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாநகராட்சிக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் லைன் உடைந்தால், அதைச் சரிசெய்வது உண்மையில் அரை நாள் வேலைதான். ஆனால் எங்கே உடைந்திருக்கிறது, அந்தப் பகுதி யாருடைய பொறுப்பு, யாரிடம் அனுமதி வாங்குவது, எந்த நாளில் பள்ளம் எடுப்பது என்பது தெரியாததால் அந்த அரை நாள் வேலை வாரக்கணக்கில் இழுக்கிறது. எங்கள் தெருவில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டியவர்களின் கடப்பாரை பட்டு எங்கள் இணைப்பு நசுங்கியது. அதைச் சரிசெய்ய அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலூருக்குப் புதிதாக வந்தவர்கள், முதல் முறையாகச் சொந்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள் இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கினால் பாதி அலைச்சல் குறையும்.

1. தண்ணீர் விடும் நாளை முதலில் உறுதி செய்யுங்கள்

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து வருபவர்களுக்கு இது புதிதாக இருக்கும். நம் ஊரில் குழாயில் எப்போதும் தண்ணீர் இருக்காது. சில நாட்களுக்கு ஒரு முறை, குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் விடுவார்கள். தெருவுக்குத் தெரு நாளும் நேரமும் மாறும். விடியற்காலையில் வரும் தெருக்களும் உண்டு, இரவு பதினொரு மணிக்கு வரும் தெருக்களும் உண்டு.

இந்த முறை ரிப்பேர் வேலை முழுவதையும் மாற்றிவிடுகிறது. கசிவு தண்ணீர் விடும் நாளில்தான் கண்ணுக்குத் தெரியும். ஒட்டிய இடம் நிற்கிறதா என்று பார்ப்பதும் அன்றைக்குத்தான் முடியும். இடைப்பட்ட நாட்களில் குழாய் காலியாக, அழுத்தம் இல்லாமல் கிடக்கும். அப்போது உடைந்த இடத்தைச் சுற்றியிருக்கும் சேறும் சாக்கடை நீரும் உள்ளே இறங்கும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதலில் உங்கள் தொட்டிக்கு வருவது அதுதான்.

ஆகவே உங்கள் பகுதியில் வால்வைத் திறந்து மூடும் ஊழியர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் நீண்ட நாள் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த இரண்டு முறை எப்போது விடுவார்கள் என்று கேளுங்கள். பள்ளம் எடுக்கும் வேலை, அனுமதி தேவைப்பட்டால் அது வந்த பிறகு, இப்படி இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் முடிய வேண்டும். அதற்கு முன் தண்ணீர் விடும் ஒரு நாள் கசிவைக் கண்டுபிடிக்க, வேலைக்குப் பின் வரும் நாள் சோதித்துப் பார்க்க.

2. கசிவு எந்தப் பகுதியில் என்று பிரித்துப் பாருங்கள்

பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன்பே இதை நீங்களே செய்துவிடலாம். லைனை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தெருவில் ஓடும் பெரிய குழாய். இது மாநகராட்சியுடையது.

இரண்டாவது, அந்தப் பெரிய குழாயில் பொருத்தியிருக்கும் ஃபெருலிலிருந்து (வீட்டு இணைப்பு கிளம்பும் சிறு முனை) உங்கள் காம்பவுண்டுச் சுவர் வரை, சாலைக்கும் சாக்கடைக் கால்வாய்க்கும் அடியில் வரும் குழாய். செலவு பொதுவாக உங்கள் தலையில்தான். ஆனால் அது கிடக்கும் இடம் பொது இடம் என்பதால் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

மூன்றாவது, காம்பவுண்டுக்குள்ளே தொட்டி வரைக்கும் இருப்பது. இதில் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தண்ணீர் விடும் நேரத்தில் இப்படிப் பாருங்கள். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் வேகம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எல்லோருக்கும் குறைந்திருந்தால் பழுது பெரிய குழாயில். நீங்கள் புகார் கொடுத்தால் போதும், ஒரு பைசா செலவில்லை. உங்கள் வீட்டுக்கு மட்டும் குறைவு என்றால் உங்கள் லைன். சந்தேகமாக இருந்தால் ஒரு 15 லிட்டர் பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரண்டு வீட்டிலும் அளந்து பாருங்கள். வாய்ச்சொல்லைவிட இந்தக் கணக்கு அலுவலகத்திலும் எடுபடும்.

அடுத்து, உள்ளே வரும் இடத்தில் வால்வு இருந்தால் அதை மூடுங்கள். மூடிய பிறகும் தெருவில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தால் உடைப்பு வால்வுக்கு வெளியே. மூடியதும் ஈரம் நின்றுவிட்டால் உள்ளே. வால்வே இல்லாத வீடுகள் வேலூரில் நிறைய உண்டு. அப்படியென்றால் இந்த ரிப்பேரோடு சேர்த்து ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் விடாத நாளிலும் ஈரம் காயாமல் இருக்கிறதா? அப்போது பிரச்சினை மெயின் லைனாக இருக்க வாய்ப்பு குறைவு. கீழ்த்தொட்டியில் விரிசல் இருக்கலாம், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் கசியலாம், கழிவுநீர்க் குழாயாகவும் இருக்கலாம். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, கீழ்த்தொட்டியிலும் மாடித் தொட்டியிலும் நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். காலையில் எது இறங்கியிருக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். மாநகராட்சி லைனைத் தோண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தொட்டி விரிசல் என்று தெரியவந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

ஒரு அறிகுறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் வந்த முதல் சில நிமிடம் கலங்கலாகவும், சாக்கடை வாடையோடும் வந்து பிறகு தெளிந்தால், உடைப்பு கால்வாயை ஒட்டித்தான் இருக்கும். நம் பழைய தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய்கள் கால்வாய்க்கு உள்ளேயே குறுக்காகப் போகின்றன. கொசப்பேட்டை, சைதாப்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் இருப்பவர்கள் முதலில் கால்வாயில் குனிந்து பாருங்கள். ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் அங்கேதான் முதலில் அரிக்கும்.

3. ரிப்பேர் ஆகும் வரை குடிக்கும் தண்ணீரைப் பிரித்துவிடுங்கள்

வாடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், உடைப்பு உறுதியானதும் அந்த லைன் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். தொட்டிக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு, வருவதைத் தனியாகப் பிடித்து வெளி வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சமையலுக்கும் குடிக்கவும் 20 லிட்டர் கேன் வாங்குங்கள், அல்லது பக்கத்து வீட்டில் பிடித்து, நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் கை வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தண்ணீர்க் குழாய் உடைந்திருப்பதையும் அங்கே சொல்லுங்கள். அவர்கள் சொன்னால் தெருவுக்கே பரிசோதனை நடக்க வாய்ப்புண்டு.

மாநகராட்சி லைனில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இப்போதாவது நிறுத்துங்கள். அது சட்டப்படி தவறு. மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பையும் துண்டிக்கலாம். அதைவிட முக்கியம், உடைந்த லைனில் மோட்டார் போட்டால் சுற்றியிருக்கும் சாக்கடையை நாமே இழுத்து வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். உங்களுக்கு மட்டுமல்ல, அதே தெருவில் விரிசல் விட்ட மற்ற வீட்டு லைன்களுக்கும் அந்த அழுக்கு போகும்.

4. யாரிடம் போவது

வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள், 4 மண்டலங்கள். நேராகப் பெரிய அலுவலகத்துக்குப் போனால் மண்டலத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். காட்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு மண்டல அலுவலகம், சத்துவாச்சாரிப் பக்கம் இருப்பவர்களுக்கு வேறொன்று. உங்கள் சொத்து வரி ரசீதிலேயே வார்டு எண் இருக்கும். அதைச் சொல்லி எந்த மண்டலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே நீங்கள் பார்க்க வேண்டியவர் குடிநீர்ப் பிரிவின் உதவிப் பொறியாளர் அல்லது இளநிலைப் பொறியாளர். அவர்கள் காலையில் பெரும்பாலும் தளத்தில் இருப்பார்கள், அதனால் போன் செய்துவிட்டுப் போவது நல்லது. அவருக்குக் கீழே இருக்கும் ஃபிட்டர்தான் கடைசியில் உங்கள் ஃபெருலைத் திறந்து மூடப்போகிறவர். அவரிடம் மரியாதையாக, விவரமாகப் பேசுங்கள். உங்கள் தெருவில் பெரிய குழாய் எந்த ஓரத்தில், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பது பல சமயம் எந்த வரைபடத்திலும் இருக்காது, அவர் நினைவில்தான் இருக்கும்.

வார்டு கவுன்சிலரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அனுமதி தருவது அவர் இல்லை. ஆனால் தெருவில் பள்ளம் எடுக்கும்போது அக்கம்பக்கத்தில் சலசலப்பு வந்தால் அவர் சொல் உதவும்.

அடுக்கம்பாறை, கணியம்பாடி மாதிரி ஊராட்சிப் பகுதியில் இருந்தால் இந்த அலுவலகங்கள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. ஊராட்சிச் செயலரைப் பாருங்கள். அதற்கு மேல் வட்டார வளர்ச்சி அலுவலகம். குடியாத்தம், பேரணாம்பட்டு என்றால் அந்தந்த நகராட்சி.

இன்னொன்று. ஆற்காடு சாலை, ஆரணி சாலை போன்ற பெரிய சாலைகளை ஒட்டி வீடு இருந்தால் அந்தச் சாலையைப் பராமரிப்பது மாநகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா என்று முதல் நாளே கேளுங்கள். நெடுஞ்சாலைத் துறை என்றால் சாலை வெட்டும் அனுமதி அவர்களிடம் தனியாக வாங்க வேண்டும். இதைக் கேட்காமல் ஓர் அலுவலகத்தில் பணம் கட்டிவிட்டு, பள்ளம் எடுக்கும் நாளில் வேலை நிறுத்தப்படுவது அடிக்கடி நடக்கிறது.

5. ஆவணங்களை ஒரே கவரில் தயாராக வையுங்கள்

கீழே இருப்பதை இரண்டு நகல் எடுத்து வையுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்து வரி ரசீது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. பாக்கி இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும்.

குடிநீர்க் கட்டண ரசீது. அதில் குடிநீர் இணைப்பு எண் இருக்கும். சொத்து வரி எண்ணும் இதுவும் வேறு வேறு. ரசீது தொலைந்திருந்தால் தமிழ்நாடு நகர்ப்புற ஈபே இணையதளத்தில் எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், பாக்கியையும் அங்கேயே கட்டலாம்.

ஆதார் நகல், வீட்டு மின் கட்டண ரசீது, உடைந்த இடத்தின் புகைப்படம். புகைப்படம் தண்ணீர் விடும் நேரத்தில் எடுத்ததாக இருக்கட்டும். காய்ந்த தரையைப் படம் எடுத்துக் கொடுத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கிருந்து எதுவரை பள்ளம், நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, மேலே தார்ச்சாலையா சிமென்ட் சாலையா பேவர் கல்லா என்று கையால் வரைந்த ஒரு சின்னப் படம்.

வாடகைக்கு இருப்பவர்கள் கவனியுங்கள். மனு வீட்டு உரிமையாளர் பெயரில்தான் போக வேண்டும். அவர் வெளியூரில் இருந்தால் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அவருடைய ஆதார் நகலும் வாங்கிவிடுங்கள். வீடு வாங்கி இன்னும் பெயர் மாற்றாமல் இருப்பவர்கள் கிரயப் பத்திர நகலையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பழைய உரிமையாளர் பெயரில் இணைப்பு இருப்பதால் வரும் தாமதம்தான் மிக நீண்டது. பெயர் மாற்றத்துக்கான மனுவையும் அன்றைக்கே கொடுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து நகரும்.

மனு இப்படி இருந்தால் போதும்:

அனுப்புநர்: பெயர், கதவு எண், தெரு, வார்டு எண், கைபேசி எண்.
பெறுநர்: உதவி ஆணையர் அவர்கள், மண்டல அலுவலகம், வேலூர் மாநகராட்சி.
பொருள்: குடிநீர் வீட்டு இணைப்புக் குழாய் பழுது – சாலை வெட்டிச் சரிசெய்ய அனுமதி வேண்டுதல் தொடர்பாக.
ஐயா, மேற்கண்ட முகவரியில் உள்ள எங்கள் வீட்டின் குடிநீர் இணைப்பு எண் இது. பெரிய குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் சாலைக்கு அடியில் உடைந்துள்ளது. கழிவுநீர் கலக்கும் நிலை உள்ளது. இத்தனை அடி நீளம், இத்தனை அடி அகலம் சாலையை வெட்டிச் சரிசெய்ய அனுமதி வழங்கவும், அதற்கான கட்டணத்தைத் தெரிவிக்கவும், பணியின்போது குழாய் பொருத்துநரை அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன்.

கழிவுநீர் கலப்பது உண்மையென்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். பொது சுகாதாரம் சம்பந்தப்பட்ட மனு வரிசையில் முன்னே வரும்.

6. சாலை வெட்டும் கட்டணம்

பள்ளத்தின் பரப்பளவையும் மேலே இருக்கும் சாலையின் வகையையும் வைத்துத்தான் கட்டணம் போடுவார்கள். மண் சாலைக்குக் குறைவு, தார்ச்சாலைக்கு அதிகம், சிமென்ட் சாலைக்கு இன்னும் அதிகம். அதனால் உங்கள் படத்தில் பள்ளத்தின் அகலத்தை வீணாகக் கூட்டி எழுதாதீர்கள். அரை இஞ்ச் குழாய்க்கு ஒன்றரை அடி அகலம் போதும், ஆள் இறங்கி வேலை செய்யும் இடத்தில் மட்டும் இரண்டரை அடி.

பொறியாளர் வந்து பார்த்து அளந்த பிறகுதான் தொகை தெரியும். பணத்தை அலுவலகக் கவுண்ட்டரிலோ இணையத்திலோ கட்டி ரசீது வாங்குங்கள். யார் கையிலும் கொடுக்காதீர்கள். பின்னால் சாலையை ஒட்டவில்லை என்று கேட்கப் போகும்போது அந்த ரசீதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம்.

ஸ்மார்ட் சிட்டி, பாதாளச் சாக்கடை வேலைகளில் புதிதாகப் போட்ட சாலை என்றால் உடனே வெட்ட விடமாட்டார்கள், அல்லது ஒப்பந்ததாரரே வெட்டி மூட வேண்டும் என்பார்கள். அதே நேரம் அந்த வேலைகளின்போதுதான் உங்கள் குழாய் உடைந்தது என்றால், சரிசெய்யும் பொறுப்பு வெட்டியவருடையது. உடைந்த அன்றே, பள்ளம் மூடுவதற்கு முன், தேதி தெரியும்படி படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுத்தால்தான் அந்த வாதம் நிற்கும். மண்ணைத் தள்ளி மூடிய பிறகு யார் உடைத்தது என்று நிரூபிக்க முடியாது.

காலம் என்று பார்த்தால், ஆவணங்கள் சரியாக இருந்தால் பொதுவாக ஒரு வாரம் பத்து நாளில் அனுமதி கைக்கு வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழைக்காலத்தில் இது இழுக்கும்; வெட்டிய பள்ளம் வாகனத்துக்கு ஆபத்து என்பதால் அவர்கள் தயங்குவதில் நியாயமும் உண்டு. செப்டம்பரிலேயே கசிவு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

7. பிளம்பரும் பொருளும்

வீட்டுக்குள் பாத்ரூம் வேலை நன்றாகச் செய்பவர் எல்லோரும் தெரு லைன் வேலை தெரிந்தவர்கள் அல்ல. ஃபெருல், சாடில் (ஃபெருலைப் பொருத்தப் பெரிய குழாயைச் சுற்றி மாட்டும் பிடிப்பு) வேலை செய்து பழகியவரா என்று கேளுங்கள். ஃபிட்டரிடமே கேட்டால் ஆளைச் சொல்வார். ஃபெருலைத் திறப்பது, மாற்றுவது, பெரிய குழாயில் ஓட்டை போடுவது எதையும் தனியார் பிளம்பர் செய்யக்கூடாது. அது ஃபிட்டர் முன்னிலையில்தான் நடக்க வேண்டும்.

பழைய ஜிஐ குழாயில் ஓர் இடத்தில் அரித்திருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவது என் பார்வையில் வீண். அதே வயதுள்ள மற்ற பகுதியும் ஓரிரு ஆண்டில் போகும். இன்னொரு முறை சாலை வெட்டும் கட்டணம் கட்ட வேண்டிவரும். ஃபெருலிலிருந்து காம்பவுண்டு வரை முழுதாக மாற்றிவிடுங்கள். கடப்பாரை பட்டு நசுங்கியது மாதிரி ஓரிடத்துச் சேதம் என்றால், குழாய் புதிதாக இருந்தால் மட்டும் ஒட்டுப் போடலாம்.

எதில் மாற்றுவது? தெருவுக்கு அடியில் ஹெச்டிபிஇ என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய்தான் நல்லது. சுருளாக வருவதால் நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாகப் போடலாம். மேலே லாரி போனாலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், துருப்பிடிக்காது. அரை இஞ்ச் இணைப்புக்கு 20 மில்லிமீட்டர், முக்கால் இஞ்சுக்கு 25 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். குழாய் மேல் ஐஎஸ் 4984 என்ற இந்தியத் தர எண் அச்சாகியிருக்க வேண்டும். பிவிசி என்றால் ஐஎஸ் 4985. ஜிஐதான் போடுவேன் என்பவர்கள் ஐஎஸ் 1239 பார்த்து, நீலக் கோடு போட்ட மீடியம் ரகம் வாங்குங்கள். மஞ்சள் கோடு லைட் ரகம், மண்ணுக்குள் தாங்காது.

இதில் மூன்று இடத்தில் ஏமாறுவார்கள். ஹெச்டிபிஇ குழாயில் பிவிசி பசை ஒட்டவே ஒட்டாது. கம்ப்ரஷன் ஜாயின்ட் (முறுக்கி இறுக்கும் இணைப்பு) போட வேண்டும், அல்லது சூடாக்கி இணைக்க வேண்டும். "பசை போட்டு டியூப் சுத்திடலாம் சார்" என்று யாராவது சொன்னால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாவது, கழிவுநீருக்கான பிவிசி குழாயை மிச்சம் கிடக்கிறதே என்று குடிநீர் லைனில் சொருகுவது. அது அழுத்தம் தாங்கச் செய்ததே இல்லை. மூன்றாவது, பிவிசி ஒட்டிய அரை மணியில் தண்ணீர் விடச் சொல்வது. பசை டப்பா மேல் போட்டிருக்கும் நேரத்தைப் படித்து, அதற்கு மேலும் சில மணி நேரம் விடுங்கள்.

கால்வாயைக் கடக்கும் இடத்தில் இரண்டு இஞ்ச் பிவிசி குழாயை உறையாகப் போட்டு, அதற்குள் தண்ணீர்க் குழாயை விடுங்கள். முடிந்தால் கால்வாயின் அடித்தளத்துக்குக் கீழே கொண்டுபோங்கள், இல்லையென்றால் விளிம்புக்கு மேலே. கால்வாய்க்குள் எந்த இணைப்பும் வரக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் பிளம்பர் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டில் போர் தண்ணீரும் இருந்து அதே லைனில் சேர்த்திருந்தால், அதைப் பிரிக்க இதுதான் நேரம். இல்லையென்றால் உங்கள் போர் தண்ணீர் தெருக் குழாய்க்குள் போய் மற்றவர் வீட்டுக்கும் போகும்.

8. பள்ளம் எடுக்கும் நாள்

தண்ணீர் விட்ட மறுநாள் காலை தொடங்குங்கள். குழாய் காலியாக இருக்கும், அடுத்த முறை வரை அவகாசமும் கிடைக்கும். ஏப்ரல், மே மாத வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் கடப்பாரை பிடிக்கச் சொல்வது கொடுமை. ஆறு மணிக்கே ஆள் வரச் சொல்லுங்கள், மோரும் தண்ணீரும் தயாராக வையுங்கள்.

தோண்டுவதற்கு முன் மின் கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று உறுதி செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987க்குச் சொல்லி, உங்கள் பிரிவு அலுவலகத்திலிருந்து ஆளை வரச் சொல்லலாம். முதல் ஓரடிக்குப் பிறகு கடப்பாரையை ஓங்கிக் குத்தக்கூடாது, மண்வெட்டியால் கிளற வேண்டும். குழாயைச் சுற்றியிருக்கும் பாதுகாப்பு மண்ணோ செங்கல்லோ தென்பட்டதும் கையால் எடுக்கச் சொல்லுங்கள். சத்துவாச்சாரி மலையடிவாரம் மாதிரிப் பாறைத் தரை என்றால் உடைக்கும் மெஷின் தேவைப்படும், அதைக் கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, இரவு தாண்டினால் சிவப்புத் துணியும் விளக்கும் வையுங்கள். இருட்டில் ஒரு பைக் விழுந்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

குழாயை இரண்டடி ஆழத்துக்குக் குறையாமல் இறக்குங்கள். கீழே ஒரு கை அளவு மணல், மேலேயும் மணல், அதற்குப் பிறகுதான் தோண்டிய மண். உடைந்த செங்கல், கருங்கல் ஜல்லி எதுவும் குழாயைத் தொடக்கூடாது. காம்பவுண்டுக்கு உள்ளே, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பித்தளை 'பால்' வால்வு (கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடும் வகை) போட்டு, சிறு பெட்டி கட்டி மூடியும் வையுங்கள்.

9. தண்ணீர் விடும் வரை இணைப்புகளை மூடாதீர்கள்

எல்லோரும் வேலை முடிந்த சந்தோஷத்தில் அன்றைக்கே மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள். அடுத்த முறை தண்ணீர் விடும்போது இணைப்பில் கசிந்தால் மீண்டும் முழுவதையும் தோண்ட வேண்டும். குழாயின் நடுப்பகுதியை மூடலாம். ஃபெருல் பக்கமும் காம்பவுண்டுப் பக்கமும் இணைப்பு இருக்கும் இடங்களை மட்டும் பலகை போட்டுத் திறந்தே வையுங்கள். தெருவில் அப்படி விட முடியாது என்றால், வால்வு ஊழியரிடமும் பொறியாளரிடமும் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்த நாளில் சிறிது நேரம் உங்கள் தெருவுக்குத் திறந்துவிட முடியுமா என்று பாருங்கள். சில சமயம் கிடைக்கும்.

தண்ணீர் வந்ததும் காம்பவுண்டு வால்வை மூடி, முழு அழுத்தத்தில் கால் மணி நேரம் விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனையாவிட்டால் மூடலாம். மூடுவதற்கு முன் சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று டேப்பை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்தத் துறை வந்து தோண்டினாலும் காட்ட அது உதவும்.

10. தொட்டியைச் சுத்தம் செய்த பிறகே குடியுங்கள்

முதலில் வரும் தண்ணீரைப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே விடுங்கள். கீழ்த்தொட்டியைக் காலி செய்து, அடியில் தங்கிய சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. அதை நேராகக் கொட்டக்கூடாது. ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பாக்கெட் உடைத்து நாளான பவுடரில் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள்.

சாக்கடை கலந்த லைன் என்றால் ஒரு முறை பரிசோதனை செய்துவிடுவது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் பரிசோதனைக் கூடம் உண்டு. கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். வீட்டு வாட்டர் பாட்டிலில் கொண்டுபோனால் முடிவு தவறாக வரும்.

11. மொத்தம் எவ்வளவு ஆகும்

நான் விசாரித்த அளவில் சொல்கிறேன், ஆளுக்கு ஆள், கடைக்குக் கடை மாறும். பிளம்பரும் உதவியாளும் சேர்ந்து ஒரு நாளைக்கு 1,500 முதல் 2,000 ரூபாய். பள்ளம் எடுக்க ஆள் ஒருவருக்கு 700, 800. ஹெச்டிபிஇ குழாய் மீட்டருக்கு 25 முதல் 40. கம்ப்ரஷன் ஜாயின்ட்கள், பித்தளை வால்வு, உறைக் குழாய், மணல் எல்லாம் சேர்த்து 1,500 முதல் 2,500. இருபது அடி லைனுக்கு இந்த வகையில் ஐயாயிரத்தை ஒட்டி வரும். இதற்கு மேல் சாலை வெட்டும் கட்டணம். சிமென்ட் சாலை என்றால் அதுவே மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகிவிடலாம். கூலியை நாள் கணக்கில் பேசாமல், சோதனை முடிந்து மூடும் வரை மொத்தமாகப் பேசுங்கள். கால் பங்கை அந்தச் சோதனைக்குப் பிறகு தருவதாக முதலிலேயே சொல்லிவிட்டால் ஆள் மறுநாள் காணாமல் போகமாட்டார்.

12. மனு நகரவில்லை என்றால், சாலை மூடப்படவில்லை என்றால்

பத்து நாள் பார்த்துவிட்டு, முத்திரை வாங்கிய நகலோடு உதவி ஆணையரைப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100இல் பதியுங்கள், புகார் எண் கிடைக்கும். திங்கட்கிழமைகளில் சத்துவாச்சாரியில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும், அங்கேயும் மனு கொடுக்கலாம். என்ன காரணத்தால் நிற்கிறது என்று எழுத்தில் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "என் மனு எண் இது, இன்று வரை எடுத்த நடவடிக்கை என்ன" என்ற ஒரே கேள்வி போதும்.

சாலை ஒட்டும் வேலைக்கும் இதே வழிதான். பள்ளத்தை மூடும்போது மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்புங்கள், சாலை மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். முதல் மழையில் எப்படியும் அமிழும். அமிழ்ந்ததும் ஜல்லியும் மண்ணும் போட்டுச் சமன் செய்து, மறுபடி படம் எடுத்து, கட்டண ரசீது எண்ணைக் குறிப்பிட்டுச் சாலையை ஒட்டித் தரச் சொல்லி பொறியாளருக்கு எழுதுங்கள்.